வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு மஸில்லோடர் சைட்: எது மங்குகிறது, எதை மாற்றுவது

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஃப்ளின்ட்லாக் மான் வேட்டைக் காலம் தொடங்கும். 1974இல் ஆரம்பித்த வழக்கம். பொறிக்குச் சிக்கிமுக்கிக் கல்; கருமருந்தும் துணியில் சுற்றிய ஈயக்குண்டும் குழலின் வாய்வழியாகக் கெட்டிப்பதுதான், மஸில்லோடர் என்பது அதனால்தான். சில வருடம் முன்பு, அந்தக் காலம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, 50 கஜத்தில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் விழ வேண்டியவை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவிக் கிடந்தன. மருந்தைத் திட்டினேன், துணியைத் திட்டினேன், குழல் தேய்ந்துவிட்டது என்றேன். விடுமுறைக்கு வந்திருந்த மகள் அதே துப்பாக்கியை, அதே அளவு மருந்தோடு, அதே மேசையில் மணல்பையில் வைத்துச் சுட்டாள். ஐந்தும் உள்ளங்கைக்குள்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்குப்பா."

அன்றிலிருந்து யார் சைட் (குறிபார்க்கக் குழல்மேல் இருக்கும் தகடு) மாற்றப் போகிறேன் என்றாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். துப்பாக்கி பழகிய இளங்கண் ஒன்றைக் கூப்பிட்டு, உங்கள் துப்பாக்கியை உங்கள் மருந்தளவோடு ஐந்து முறை சுடச் சொல்லுங்கள். அவர்களுக்கும் சிதறினால் சைட் கடைக்குப் போக வேண்டாம். துணியின் தடிமன், மருந்தளவு, கல்லின் முனை என்று வேறு பக்கம் பாருங்கள். அவர்களுக்குச் சேர்ந்து விழுந்தால் கீழே தொடருங்கள்.

மூன்று தூரம், ஒரு கண்

42 அங்குலக் குழல் உள்ள ஒரு பென்சில்வேனியா நீள்துப்பாக்கியைத் தோளில் வைத்தால், கண்ணிலிருந்து பின்சைட் சுமார் 60 சென்டிமீட்டர், முன்சைட் சுமார் 1.35 மீட்டர், இலக்கு 45 மீட்டர். மூன்றையும் ஒரே நேரத்தில் எந்தக் கண்ணும் தெளிவாகப் பார்ப்பதில்லை. இளங்கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், தாவுவது தெரியாது. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுக ஆரம்பிக்கும். வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்று வீட்டில் சொல்வது இதைத்தான். அறுபதில் அந்தத் தாவல் ஏறக்குறைய நின்றுவிடும். எந்த ஒரு தூரத்தைக் கண்ணுக்குக் கொடுப்பது என்பதை இனி நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் கட்சி முன்சைட். அது மட்டும் கத்தி மாதிரி தெரிய வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, மங்கிய கருவட்டத்தின் நடுவைக் கண் தானே கண்டுபிடித்துவிடும். முன்சைட் மங்கினால் அதன் தலை எங்கே முடிகிறது என்பதே தெரியாது. அந்த ஒரு மயிரிழைதான் இலக்கில் ஒரு சாண் ஆகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அதற்கு முன், கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். காலிக் குழலுக்கு என்று கோலில் போட்ட கோடு குழல் வாயோடு சரியாக நிற்க வேண்டும். ஒரு விரற்கடை வெளியே நின்றாலும் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்புறம் கல்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மரத்துண்டை வையுங்கள். இதைச் செய்யாமல் சுவரை நோக்கிக்கூடக் குறிபார்க்க வேண்டாம்.

இப்போது கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு எடுத்து, தடித்த ஊசியால் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, நீங்கள் தூரப்பார்வைக்குப் போடும் கண்ணாடியில், குறிபார்க்கும்போது கருவிழிக்கு நேரே வரும் இடத்தில் ஒட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் சைட்டைப் பாருங்கள். முன்சைட்டும் இலக்கும் சட்டென்று கூர்மையானால் உங்கள் சிக்கல் குவியம். கண்ணாடியோ துளைச் சைட்டோ அதைத் தீர்த்துவிடும். ஓட்டை வழியாகப் பார்த்தும் புகைமூட்டமாகவே இருந்தால் புரையோ விழித்திரையோ காரணமாக இருக்கலாம். எந்தச் சைட்டும் அதற்கு மருந்தில்லை, கண் மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: முன்சைட் மங்கல், இலக்கு தெளிவு

அநேகம் பேர் இங்கேதான் இருக்கிறார்கள். கண் தூரத்தில் போய் நின்றுவிட்டது, பக்கத்துக்கு வர மறுக்கிறது.

மருந்துக்கடையில் தொங்கும் படிப்புக் கண்ணாடியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். +2.00 கண்ணாடி ஐம்பது சென்டிமீட்டரில் குவியும். பின்சைட் பளிச்சென்று வந்தது, முன்சைட் பஞ்சானது, இலக்கு காணாமல் போனது. தேவைப்படுவது மிகச் சிறிய கூடுதல். உங்கள் தூரப்பார்வை எண்ணோடு +0.50 சேர்த்து ஒரே பவர் உள்ள கண்ணாடி செய்யச் சொல்லுங்கள். அது கண்ணை இரண்டு மீட்டரில் நிறுத்தும். முன்சைட்டுக்கும் இலக்குக்கும் நடுவே சமரசம். தாள் இலக்கு மட்டும் சுடுபவர் +0.75 கேட்கலாம், அது முன்சைட்டிலேயே போய் உட்காரும், ஆனால் இலக்கு இன்னும் கலங்கும். காட்டில் மானின் தோள்பட்டையைத் தேட வேண்டியவருக்கு +0.50க்கு மேல் வேண்டாம் என்பேன்.

கண்ணாடிக் கடையில் இதைச் சொன்னால் விழிப்பார்கள். நான் முதலில் போன கடையில், "அரை பாயிண்டில் என்ன சார் தெரியப் போகுது" என்கிற தோரணையில் படிப்புக் கண்ணாடியையே திரும்பக் காட்டினார்கள். அடுத்த முறை ஒரு அளவுநாடாவோடு போனேன். கன்னத்திலிருந்து முன்சைட் வரை உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்து எழுதி வைத்திருந்தேன். "இந்தத் தூரத்தில் ஒரு தகடு தெளிவாகத் தெரியணும், தூரமும் ஓரளவு தெரியணும்" என்றதும் பரிசோதகர் சோதனை வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். பத்து நிமிடத்தில் முடிந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அளவுநாடா போதும்.

இன்னொன்று. பாலிகார்பனேட் வில்லையாகவே கேளுங்கள். ஃப்ளின்ட்லாக்கில் கல்லின் பொறி விழும் சின்னக் கிண்ணத்து மருந்து முகத்துக்குப் பக்கத்தில் எரிகிறது, கல்லின் சில் தெறிக்கிறது. எண்ணே தேவைப்படாத கண்ணுக்கும் கண்ணாடி கட்டாயம்.

அறிகுறி: கண்ணாடி போட்டால் ஒரு சமயம் தெரிகிறது, ஒரு சமயம் இல்லை

ஒரே வில்லையில் பல பவர் உள்ள புரோகிரசிவ் அல்லது பைஃபோகல் போட்டிருப்பீர்கள். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்கும்போது தலை குனிந்து உள்பக்கம் சாய்கிறது. கண் வில்லையின் மேல் மூலையில், மூக்கோரமாகப் பார்க்கிறது. புரோகிரசிவ் வில்லையில் ஓரங்கள் எப்போதும் கோணல்தான். கண்ணாடி மூக்கில் ஒரு நூல் இறங்கினால் பவரே மாறிவிடும். இதற்கு வேறு வைத்தியம் கிடையாது, ஒரே பவர் கண்ணாடிதான். முடிந்தால் வில்லையின் மையத்தைக் கொஞ்சம் மேலும் உள்ளேயும் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பின்சைட் பஞ்சு மாதிரி, வெட்டு எங்கே என்றே தெரியவில்லை

பழைய நீள்துப்பாக்கிகளின் அச்சில் செய்த பின்சைட்டுகளில் வெட்டு, அதாவது முன்சைட்டைப் பொருத்திப் பார்க்கும் நடுப்பள்ளம், ஊசி நுழையும் அளவுதான் இருக்கும். இருபது வயதுக் கண்ணுக்குச் செய்தது. மங்கிய கண்ணில் வெட்டின் இரண்டு விளிம்பும் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் வெளிச்சமே வராது.

புது சைட் வாங்கும் முன் அரத்தை எடுங்கள். கணக்கு இது: முன்சைட் தகடு 2 மில்லிமீட்டர் அகலம் என்றால், அது 1.35 மீட்டர் தள்ளி இருப்பதால், 60 சென்டிமீட்டரில் இருக்கும் வெட்டுக்குள் சுமார் 0.9 மில்லிமீட்டராகத்தான் தெரியும். வெட்டு ஒரு மில்லிமீட்டராக இருந்தால் இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு விழ இடமில்லை. அதை 1.6 வரை அகலப்படுத்துங்கள். சதுர வெட்டாக இருக்கட்டும். வி வெட்டின் அடிமுனையைத்தான் மங்கிய கண் முதலில் தொலைக்கும். சிறிய ஊசி அரம், இரண்டு இழுப்பு, எடுத்துக் கண்ணில் வைத்துப் பார், மறுபடி இரண்டு இழுப்பு. அவசரப்பட்டு ஒரு பக்கம் கூட அராவிவிட்டால் குண்டு அந்தப் பக்கமே போகும். ஆனால் பின்சைட்டை அது உட்கார்ந்திருக்கும் டவ்டெயில் காடியில் (குழலின் குறுக்கே வெட்டிய பள்ளம்) தட்டி நகர்த்திச் சரி செய்துகொள்ளலாம், குடி முழுகிப் போகாது.

இரண்டு பக்கமும் சம வெளிச்சம் இருந்தால், விளிம்பு கலங்கியிருந்தாலும் தகட்டை நடுவில் நிறுத்தக் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்த அராவல் ஒன்றே மூன்று வருடம் ஓட்டியது.

அடுத்தது, பின்சைட்டை முன்னே தள்ளுவது. குழலில் புதுக் காடி வெட்டி 85 சென்டிமீட்டரில் வைத்தால் மங்கல் கணிசமாகக் குறையும். ஆனால் இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 75இலிருந்து 50 சென்டிமீட்டராகச் சுருங்கும். குறியில் செய்யும் அதே சிறு பிழை இலக்கில் ஒன்றரை மடங்காக விழும். குழலை வெட்டும் வேலை என்பதால் திரும்பவும் முடியாது. போட்டி விதி துளைச் சைட்டை அனுமதிக்காதவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

அறிகுறி: எல்லாமே மங்கல், ஆனால் ஓட்டைச் சோதனையில் தெளிந்தது

உங்களுக்குப் பீப் சைட், அதாவது துளைச் சைட். டேப்பில் போட்ட ஓட்டையைத் துப்பாக்கியிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதுதான் அது. சின்னத் துளை வழியே வரும் ஒளிக்கற்றை மெலிந்திருப்பதால் அருகும் தொலைவும் சேர்ந்து தெளியும். அதோடு பின்சைட் என்கிற மூன்றாவது தூரமே கணக்கிலிருந்து போய்விடும். துளையைப் பார்க்கக் கூடாது, அதன் வழியாகப் பார்க்க வேண்டும். முன்சைட்டைத் துளையின் நடுவில் நிறுத்தும் வேலையைக் கண் தானாகவே செய்யும். முதல் முறை போடுபவர்கள் இதை நம்பாமல் வளையத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விட்டுவிடுங்கள், பழகிவிடும்.

குழல் குட்டையான ஹாக்கன் பாணித் துப்பாக்கிகளுக்கு லைமன் கம்பெனியின் 57 வரிசைப் பீப்புகள் பூட்டுக்குப் பக்கத்தில் திருகிக்கொள்ளும். நீள்துப்பாக்கிக்குக் கட்டையின் கழுத்தில், டாங்கின் (குழலின் பின்முனையிலிருந்து கட்டைமேல் நீளும் இரும்புப் பட்டை) மேல் நிற்கும் பீப் பொருந்தும். கண்ணுக்கு நெருக்கம், அதனால் பலன் அதிகம். சைட் இடைவெளியும் 1.25 மீட்டரைத் தாண்டும். உதைப்பில் அது புருவத்தைத் தொடாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீப் போட்டவர்கள் வழக்கமாக மறப்பது பழைய பின்சைட்டை. அது குழலில் அப்படியே நின்றால் வளையத்துக்கும் முன்சைட்டுக்கும் நடுவே கலங்கலாக ஒரு குன்று. தட்டிக் கழற்றிவிட்டுக் காடியை ஒரு வெற்றுத் துண்டால் மூடுங்கள்.

துப்பாக்கியின் பழைய தோற்றம் கெடக் கூடாது, அல்லது விதி இடம் தராது என்றால், கண்ணாடி வில்லையில் ஒட்டிக்கொள்ளும் திருகு வளையம் உண்டு. மெரிட் என்ற பெயரில் பழைய தலைமுறை வைத்திருப்பார்கள். கேமரா மாதிரி துளையைச் சிறிதாக்கிப் பெரிதாக்கலாம். தாள் இலக்குக்கு அருமை. காட்டுக்கு ஆகாது, சுற்றிலும் எதுவும் தெரியாது.

அறிகுறி: பீப் போட்ட பிறகு அந்திநேரத்தில் இருட்டு

துளை சின்னது. வயதானால் கண்பாவையும் சுருங்கும், வில்லையும் மஞ்சளடிக்கும். இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் அறுபதில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையையும் வைத்தால் மாலை நாலரை மணிக்கே இரவாகிவிடும். தாள் இலக்குக்கு 1 முதல் 1.25 மில்லிமீட்டர் துளை, காட்டுக்கு இரண்டரை முதல் மூன்று. அநேகப் பீப்புகளில் உள்வட்டைக் கழற்றிவிட்டு வெறும் வளையத்தோடு சுடலாம். கூர்மை கொஞ்சம் குறையும், மான் தெரியும்.

அறிகுறி: வெயிலில் குண்டு ஒரு பக்கமாக விலகுகிறது

காலையில் வலதே போன குண்டு மாலையில் இடதே போகிறதா? கண்ணைச் சந்தேகிக்காதீர்கள், முன்சைட்டைப் பாருங்கள். பளபளக்கும் பித்தளை மணியிலோ வெள்ளித் தகட்டிலோ வெயில் படும் பக்கம் மட்டும் ஒளிரும். கண் அந்த ஒளிர்ந்த பக்கத்தையே முழுச் சைட் என்று எடுத்துக்கொண்டு வெட்டின் நடுவில் வைக்கும். இடப்பக்கம் வெயில் என்றால் குண்டு வலப்பக்கம், அதாவது வெளிச்சத்தைவிட்டு விலகிப் போகும். மங்கிய கண் இதில் இன்னும் சுலபமாக ஏமாறும்.

தகட்டைக் கறுப்பாக்கினால் தீர்ந்தது. எங்கள் மைதானத்தில் எழுபத்து நாலு வயதுக்காரர் ஒருவர் மெழுகுவர்த்தியைக் காட்டிக் கறுப்பாக்குவார். கறுப்போடு மெழுகும் படிந்து மினுங்கும். ஒருநாள் பூஜை அறைக் கற்பூரத்தில் ஒரு வில்லையைக் கொண்டுபோய்க் கொளுத்திக் காட்டினேன். கற்பூரப் புகை படிந்த தகடு வெல்வெட் மாதிரி, ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. சிரித்துக்கொண்டே பெட்டியோடு வாங்கி வைத்துக்கொண்டார். துப்பாக்கி காலி என்று கோல் போட்டுப் பார்த்த பிறகு, மருந்துக் கொம்பெல்லாம் தூரத்தில் இருக்கும்போது, வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் இதைச் செய்ய வேண்டும். நெருப்பும் கருமருந்தும் ஒரே மேசையில் ஆகாது.

காட்டுக்கு வேறு கணக்கு. பனி படர்ந்த தரையில் வெள்ளித் தகடு கரைந்து போகும், கறுப்பு நிற்கும். பனியில்லாத மங்கல் காட்டில் கறுப்பு கரையும், வெள்ளி நிற்கும். நான் பார்த்தவரை இரண்டிலும் தாக்குப்பிடிப்பது மினுக்கம் போன பழைய பித்தளை.

ஃபைபர் ஆப்டிக் மணி (வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் இழை வைத்த முன்சைட்) பற்றிக் கேட்பீர்கள். அந்தியில் நல்லது. நல்ல வெயிலில் பூத்துப் பெரிதாகும். ஒன்றரை மில்லிமீட்டர் மணியே 50 கஜத்தில் ஐந்து சென்டிமீட்டரையும் 100 கஜத்தில் பத்தையும் மறைக்கும்; வெயிலில் அது இன்னும் கூடும். வாங்கினால் மெல்லிய இழையாக வாங்குங்கள்.

அறிகுறி: முன்சைட் இரண்டாகத் தெரிகிறது

ஒரு தகட்டுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொன்று இருந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கான எண்) விட்டுப்போயிருக்கும், அல்லது புரை ஆரம்பம். மற்றக் கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றாகிறது என்றால் அது வேறு: குறிபார்க்காத கண் உள்ளே நுழைகிறது. ஆளும் கண்ணில் புரை வளர்ந்தால் மற்றது ஆட்சியைப் பிடித்துக்கொள்வதுண்டு. அந்தப் பக்கத்து வில்லையில் வெளிச்சம் மட்டும் கசியும் மங்கலான டேப்பை ஒரு துண்டு ஒட்டுங்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட வேண்டாம், குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து இடுங்கும்.

அறிகுறி: நேரான தகடு வளைந்து தெரிகிறது

தகட்டின் விளிம்போ குழலின் கோடோ நெளிந்து தெரிந்தால், நடுவில் ஒரு பொட்டு அழிந்திருந்தால், திடீரென்று மின்னல் வெட்டி நிறைய புள்ளிகள் மிதந்தால், துப்பாக்கியைப் பையில் வைத்துவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரை விஷயம், நாள் கடத்தக் கூடாது.

அறிகுறி: முதல் நாலைந்து சரி, அப்புறம் சிதறல்

எல்லாப் பழியையும் கண்மேல் போட வேண்டாம். கருமருந்துக் கசடு குழலில் ஏறியிருக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் ஈரத்துணி ஒன்று விட்டு எடுத்துப் பாருங்கள். பிறகும் சிதறினால் அதிக நேரம் வெறிக்கிறீர்கள். எட்டு வினாடிக்குள் சுடவில்லையென்றால் இறக்கிவிட்டு, தூரத்து மரத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி தூக்குங்கள்.

அறிகுறி: புது சைட், குரூப் (குண்டுகள் விழுந்த கொத்து) சின்னது, ஆனால் இடம் தப்பு

சந்தோஷமான கோளாறு. பின்சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்துங்கள், முன்சைட்டை எதிர்ப்பக்கம். எவ்வளவு என்றால், சைட் இடைவெளியை விலகலால் பெருக்கி இலக்குத் தூரத்தால் வகுங்கள். இடைவெளி 750 மில்லிமீட்டர், 50 கஜத்தில் 150 மில்லிமீட்டர் விலகல் என்றால் 750 × 150 ÷ 45,700, சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதுவே டாங் பீப்பில் இடைவெளி 1,280 என்றால் 4.2.

குண்டு தாழ விழுந்தால் முன்சைட் உயரம் அதிகம், அராவலாம். அராவும் முன் மூன்று தடவை யோசியுங்கள், உலோகம் திரும்பி வராது. டாங் பீப்பை அடிவரை இறக்கியும் குண்டு மேலே போனால் முன்சைட் குட்டை; உயரமான தகடு வாங்க வேண்டும். பீப் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுவது உத்தமம்.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால்

ஸ்கோப் இருக்கிறது. முன்சைட்டும் பின்சைட்டும் வேண்டாம், குறிக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் வந்துவிடும், கண்ணுக்கு ஒரே தூரம். மஸில்லோடரில் தொலைநோக்கி வைப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸில் வில்லியம் மால்கம் 1855இலிருந்து நீளக் குழாய் ஸ்கோப்புகள் செய்தார், உள்நாட்டுப் போரில் குறிசுடுநர்கள் பயன்படுத்தினார்கள். அந்த அச்சில் இன்றும் நகல் கிடைக்கிறது. ஆனால் விதி ஊருக்கு ஊர் வேறு. கொலராடோவில் மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப்புக்கு இடமில்லை. பென்சில்வேனியா ஃப்ளின்ட்லாக் பருவத்திலும் அப்படித்தான். வாங்கும் முன் உங்கள் மாநிலத்தின் இந்த வருடக் கையேட்டையும், போட்டிக்குப் போவதென்றால் அந்தப் போட்டியின் விதித்தாளையும் படித்துவிடுங்கள்.

நான் கடைசியில் நின்றது +0.50 கண்ணாடியிலும், அகலமாக அராவிய வெட்டிலும், மினுக்கம் போன பித்தளைத் தகட்டிலும். போன டிசம்பரில் 50 கஜத்தில் ஐந்தில் நாலு உள்ளங்கைக்குள் விழுந்தது. ஐந்தாவது கல் சரியாகப் பொறி விடாமல் தாமதித்தது. அது கண் கணக்கில் வராது.